வத்தாளைக் கிழங்கும் அழுகல் நோயும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெரு, மலைநாட்டை விட்டுத் தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் வழியில் கலகெதர இருக்கிறது. பள்ளத்தில் நெல்வயல், அதற்கு மேலே பலாவும் தென்னையும் கமுகும் மிளகுக் கொடியும் ஒன்றன் நிழலில் ஒன்றாக வளரும் வீட்டுத்தோட்டம். கண்டி நாட்டுக் கிராமங்களின் பொதுவான அமைப்பு இதுவே. நெல் அறுத்தபின் ஈரம் உலராத வயலிலும், தோட்டத்தின் வெயில் படும் ஓரத்திலும் மண்ணை மேடாகக் கூட்டி நடப்படும் எளிய கொடியொன்று உண்டு. இலங்கைத் தமிழர் அதனை வத்தாளை என்பர். தமிழகத்தார் சர்க்கரைவள்ளி என்பர். சிங்கள மக்கள் பத்தல என்பர். அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, ‘பத்தாத்தா’ என்னும் பெயரோடு ஐரோப்பியர் கப்பலேறிக் கீழைத்தேயம் வந்த கிழங்கு, சில நூறு ஆண்டுகளுக்குள் இந்நாட்டு ஏழையின் அடுக்களையில் உரிமையோடு இடம்பிடித்துக்கொண்டது.

வத்தாளைக்கு விதை தேட வேண்டியதில்லை. கொடியின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேற்பட வெட்டி மேட்டில் ஊன்றினாற் போதும். மூன்றரை அல்லது நான்கு மாதத்திற் கிழங்கு தோண்டலாம். பசளை குறைந்த மண்ணிலும் ஓரளவு விளையும். அரிசிக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு வந்த 1970களிலும், அந்நியச் செலாவணி இன்றி நாடு தத்தளித்த 2022 ஆம் ஆண்டிலும், மரவள்ளியோடு சேர்ந்து பல குடும்பங்களின் காலைப் பசியை ஆற்றியது இக்கிழங்கு. அத்தகைய காலங்களிலேதான் இதன் குறைபாடும் பெரிதாகத் தெரியும். நெல்லை மூட்டையாக அடுக்கி அடுத்த போகம் வரை வைத்திருக்கலாம். வத்தாளையை அவ்வாறு வைத்திருக்க இயலாது. ஒரு குவியல் பல கிழமைகள் கெடாமல் இருக்க, அதே நாளில் தோண்டிய மற்றொரு குவியல் ஒரு கிழமைக்குள் நீர் ஒழுகி நாறிவிடுகிறது.

‘அது இனத்தின் குற்றம்’ என்பார் கமக்காரர். ‘மழைக்குள் தோண்டினால் அப்படித்தான்’ என்பார் வியாபாரி. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாவது உண்மையொன்று கிழங்கின் தோலுக்குள்ளேயே இருக்கிறது. தோண்டியெடுத்த கிழங்கு இறந்த பொருளன்று. அது மூச்சு விடுகிறது. காயப்பட்டாற் காயத்தை ஆற்றுகிறது. பகைவன் உள்ளே நுழைந்தால் அவனுக்கெனத் தனியாக நஞ்சு சமைக்கிறது. அழுகலை எதிர்க்கும் ஆற்றல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இவ்விரு வேலைகளையும் ஓர் இனம் எத்துணை விரைவாகச் செய்கிறது என்பதையே பொறுத்தது.

முதலில் பகைவரை அறிந்துகொள்வது நன்று. வத்தாளையை அழுகச் செய்பவை பங்கசுகள்; பூஞ்சணம் என்று வீட்டிற் சொல்லப்படுவதும் இவ்வகையினதே. இவற்றுள் மிக விரைவானது றைசோப்பசு என்னும் பங்கசினால் வரும் மென்னழுகல். பழைய பாண் துண்டில் வெண்ணூல்போற் படர்ந்து, நுனியிற் கரிய தலைகளைத் தாங்கி நிற்கும் பூஞ்சணமே இது. வெப்பமான காற்றில் இரண்டு நாள் முதல் ஐந்து நாளுக்குள் முழுக் கிழங்கையும் கூழாக்கிவிடும். அழுத்தினால் நீர் வடியும். புளித்த கள்ளின் வாடை வீசும்.

இரண்டாவது சாவக அழுகல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சாவகத் தீவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற கிழங்குகளிற் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் வந்தது. லாசியோடிப்புளோடியா என்னும் பங்கசு இதற்குக் காரணம். இது அவசரப்படுவதில்லை. கிழங்கின் ஒரு நுனியிற் கபில நிறமாகத் தொடங்கி, கறுத்து, சில கிழமைகளிற் கிழங்கைச் சுருங்கிய கரிக்கட்டைபோல் ஆக்கிவிடும். தோலின்மேற் கரும் பருக்கள் எழும். கண்டிப் பகுதியில் இதனைத் தனியாகக் குறிப்பிட வேண்டிய காரணம் ஒன்றுண்டு. மாங்காயின் காம்பை அழுகச் செய்வதும், கொக்கோக் காயைக் கறுக்கச் செய்வதும், இறப்பர் மரத்தின் கிளைகளை நுனியிலிருந்து பட்டுப்போகச் செய்வதும் இதே பங்கசுதான். ஆகவே மாவும் கொக்கோவும் இறப்பரும் நெருங்கி வளரும் கலகெதர போன்ற ஊரில், வித்திகள் எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. அவை அயலிலேயே இருக்கின்றன.

மூன்றாவது, செரற்றோசிஸ்ரிசு என்னும் பங்கசினால் உண்டாகும் கருமை அழுகல். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1890 ஆம் ஆண்டளவில் இது முதன்முதலாக ஆராயப்பட்டது. தோலில் வட்டமான, சற்றுக் குழிந்த கரிய புள்ளிகள் தோன்றும். சதை மென்மையாவதில்லை, ஆனால் கடுங்கசப்பாகிவிடும். குளிர்நாடுகளிற் கிழங்கைப் புதைத்து முளைக்கவைத்து அம்முளைகளை நடுவார்கள். நோய் கிழங்கிலிருந்து முளைக்குத் தொற்றிக் குடும்பச் சொத்துப்போல் தலைமுறை தலைமுறையாக வரும். கொடியின் நுனியை வெட்டி நடும் நம் நாட்டு முறை இந்தச் சங்கிலியைப் பெரும்பாலும் அறுத்துவிடுகிறது. முன்னோர் வசதிக்காகக் கைக்கொண்ட வழக்கம் மருத்துவமாகவும் அமைந்துவிட்டது.

இம்மூன்று பகைவரும் பெரும்பாலும் காயத்தின் வழியேதான் நுழைகின்றனர். காயமில்லாத கிழங்கு என்று ஒன்று இல்லை. மண்வெட்டி படாமல் தோண்டினாலும், கொடியிலிருந்து முறித்தெடுத்த இடம் ஒரு காயம். வால்நுனி அறுந்த இடம் இன்னொன்று. அதற்குமேற் கூடையிற் கொட்டும்போதும், சாக்கிற் கட்டி இறக்கும்போதும், பேருந்தின் மேலே எறியும்போதும் படுபவை எண்ணிக்கையில் அடங்கா. இவற்றுள் எது ஆபத்தானது என்பதில் ஒரு வியப்பு உண்டு. கூரிய கத்தியால் வெட்டிய புண்ணைவிட, வெளியே அதிகம் தெரியாத நசுங்கற் புண்ணே மென்னழுகலுக்கு வாய்ப்பானது. றைசோப்பசு உயிருள்ள கலங்களை நேரே எதிர்க்க வல்லதன்று. நசுங்கி இறந்த கலங்களின் சாற்றை உண்டு முதலிற் கொழுக்கும். பின்னர், கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து முன்னேறும். சுவரின் சாந்து கரைந்துவிட்டால் கல் தானாக விழுவதுபோலக் கிழங்கு கூழாகிறது.

இனிக் கிழங்கின் செயலைப் பார்ப்போம். காயம்பட்டவுடன் மேற்பரப்பிலுள்ள சில அடுக்குக் கலங்கள் உலர்கின்றன. அவற்றின் கீழேயுள்ள உயிருள்ள கலங்கள் தம் சுவர்களில் இலிக்னின், சுபரின் என்னும் பொருள்களைப் படியவைக்கின்றன. மரத்துக்கு வன்மை தருவது முன்னையது. தக்கைக்கு நீர் புகாத தன்மை தருவது பின்னையது. இந்த முதல் அரண் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு நாளில் எழும்பும். அதன்பின் அதற்கு அடியிற் கலங்கள் பிரிந்து பெருகி, புதிய தக்கைத் தோலாகவே வளர்கின்றன. ஒரு கிழமையில் வேலை முடிந்துவிடும். மனிதன் உடம்பிற் காயம் பொருக்குத் தட்டி, அதன் கீழே புதுத்தோல் வருவதற்கு இது பெரிதும் ஒப்பானது.

ஆனால் இவ்வேலைக்கு வெப்பமும் ஈரமும் வேண்டும். சதமபாகை அளவில் 29 அல்லது 30 பாகை வெப்பமும், 85 முதல் 95 வீதம் வரையான ஈரப்பதனும், காற்றோட்டமும் இருந்தால் நான்கு முதல் ஏழு நாளிற் காயம் ஆறிவிடும். 15 பாகைக்குக் குறைந்த குளிரில் அதே வேலைக்குப் பல கிழமைகள் செல்லும். வறண்ட காற்றிலோ, வெப்பம் எவ்வளவு இருந்தாலும், கலங்கள் சுவர் கட்டுமுன் காய்ந்து இறந்துவிடுகின்றன. அமெரிக்க விவசாயிகள் இதற்கெனக் கட்டடம் அமைத்து, அடுப்பு மூட்டி, நீராவி விட்டுக் கிழங்கைப் பதப்படுத்துகின்றனர். கண்டிப் பகுதியின் சராசரி வெப்பநிலையோ ஏறக்குறைய 25 பாகை. கலகெதரவின் தாழ்ந்த சரிவுகளில் அது இன்னும் சற்றுக் கூடும். காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அடுப்பு மூட்டி அவர்கள் வாங்கும் நிலைமையில் முக்காற் பங்கை இயற்கை இங்கே விலையின்றித் தருகிறது. அதனைப் பயன்படுத்தாமல், தோண்டியதும் தோண்டாததுமாகச் சாக்கில் அடைத்துச் சந்தைக்கு ஓடுவதுதான் வழக்கம்.

ஈரம் என்றதும் ஓர் ஐயம் எழலாம். ஈரமே பூஞ்சணத்துக்குத் துணை என்பது எல்லாரும் அறிந்ததாயிற்றே? இதனை அமெரிக்க ஆராய்ச்சியாளரான லோரிற்சன், ஹாற்றர் என்போர் 1925 இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து பார்த்தனர். றைசோப்பசு மிகுதியாகத் தொற்றியது மிக ஈரமான காற்றிலன்று. நடுத்தர ஈரமுள்ள காற்றிலேயாம். ஏனெனில் மிக ஈரமான காற்றிற் பங்கசு விரைவாக வளர்ந்தாலும், கிழங்கு அதனினும் விரைவாகக் காயத்தை மூடிவிட்டது. நடுத்தர ஈரத்திற் கிழங்கின் கை தளர்ந்தது; பங்கசின் கை தளரவில்லை. அழுகல் என்பது ஒரு பந்தயம் என்பதை இந்த ஆய்வுபோல் தெளிவாகக் காட்டியது வேறில்லை எனலாம். ஆயினும் காற்றின் ஈரம் வேறு, கிழங்கின்மேல் நிற்கும் நீர் வேறு. கழுவிய கிழங்கைச் சாக்கில் அடைத்தால் அதன் மூச்சுக் காற்றே வியர்வையாகித் தோலின்மேல் நிற்கும். அங்கே காயம் ஆறுவதில்லை.

இந்தப் பந்தயத்தில் எல்லா இனங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. றைசோப்பசுக்கு அமெரிக்க வத்தாளை இனங்கள் ஒரே அளவில் இரையாவதில்லை என்பதை ஹாற்றரும் வைமரும் 1921 இலேயே காட்டினர். அதன் காரணம் அண்மையிலேதான் நன்கு விளங்கிற்று. கிழக்காபிரிக்க இனங்களை வைத்துப் பிரித்தானிய, ஆபிரிக்க ஆராய்ச்சியாளர் செய்த ஆய்வொன்று 2006 இல் வெளிவந்தது. கிழங்கிற் சிறு காயம் செய்து, சில நாள் விட்டு, அவ்விடத்தை மெல்லிய சீவலாக வெட்டி, இலிக்னின் இருந்தாற் சிவந்து காட்டும் சாயத்தில் தோய்த்துப் பார்த்தனர். சில இனங்களிற் செந்நிறக் கோடு காயத்தின் நெடுகிலும் இடையறாமல் ஓடியது. சிலவற்றில் ஆங்காங்கே அறுந்து கிடந்தது. அறுந்த இடமே வேலியின் பொட்டு. ஈரம் நிறைந்த காற்றில் இவ்வேறுபாடு சிறிதாகவும், ஈரம் குறைந்த காற்றிற் பெரிதாகவும் இருந்தது. நல்ல இனம் என்பது நல்ல காலத்தில் எல்லாரும் ஆற்றும் காயத்தைக் கெட்ட காலத்திலும் ஆற்றுவது என்று இதனாற் பெறப்படுகிறது.

அதே ஆய்வில் மனத்தை உறுத்தும் செய்தியொன்றும் இருந்தது. உலர்பொருள் மிகுந்த இனங்கள், அதாவது அவித்தால் மாவாக உதிரும் இனங்கள், காயம் ஆற்றுவதிற் பின்தங்கி நிற்கும் போக்கு உடையனவாகக் காணப்பட்டன. இலங்கையரின் நாக்கு விரும்புவதோ அந்த மாவுத்தன்மையைத்தான். தேங்காய்ப்பூவோடும் கட்டைச் சம்பலோடும் உண்ணும்போது நீர்க்கிழங்கு என்று ஒதுக்கப்படுவது சிலவேளை நெடுநாள் கெடாமல் இருக்கக்கூடிய கிழங்காக இருக்கலாம். இது விதியன்று, போக்கு மட்டுமே. மாவாகவும் இருந்து காயத்தையும் ஆற்றும் இனங்கள் இல்லாமலில்லை. அவற்றைத் தேடிப் பொறுக்குவதே இனவிருத்தியாளரின் வேலை.

சுவர் கட்டுவது ஒரு பாதுகாப்பு. சுவரைத் தாண்டி வந்தவனுக்கு வைக்கும் நஞ்சு மற்றொன்று. இதன் வரலாறு ஜப்பானிலே தொடங்குகிறது. அங்கே கருமை அழுகல் கண்ட கிழங்கைத் தின்ற மாடுகள் நோயுற்று இறப்பதுண்டு. அதற்குக் காரணம் தேடிய ஹியூரா என்னும் அறிஞர் 1943 இல் அழுகற் கிழங்கிலிருந்து கசப்பான எண்ணெய்ப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். இப்போமியாமரோன் என்று அதற்குப் பெயர். பங்கசு உண்டாக்கிய நஞ்சு என்றே முதலில் எவரும் எண்ணுவர். உண்மை வேறாயிருந்தது. நாகோயாப் பல்கலைக்கழகத்தில் உரித்தானி என்பவரும் அவருடன் உழைத்தோரும் பல ஆண்டுகள் செய்த ஆராய்ச்சியில், அதனை உண்டாக்குவது பங்கசு அன்று, கிழங்கே என்பது உறுதியாயிற்று. நலமான கிழங்கில் அது காணப்படுவதில்லை. பங்கசு தொட்டதும், தொட்ட இடத்தை அடுத்துள்ள கலங்கள் அதனை விரைந்து சமைத்துக் குவிக்கின்றன. தாவரங்கள் பகைவனைக் கண்டபின் உண்டாக்கும் இத்தகைய தற்காப்பு நஞ்சுகளுள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

இங்கும் இனங்கள் வேறுபடுகின்றன. கருமை அழுகலை எதிர்க்கும் இனங்கள் அந்நஞ்சை விரைவாகவும் மிகுதியாகவும் தொற்றின் எல்லையில் நிறுத்துகின்றன; எளிதில் இரையாகும் இனங்கள் தாமதித்துத் தொடங்குகின்றன. பங்கசுகளிடையேயும் வேறுபாடு உண்டு. காப்பி முதலிய பிற பயிர்களில் வாழும் செரற்றோசிஸ்ரிசு வகைகளை வத்தாளையில் இட்டபோது கிழங்கு அவற்றை அடக்கிவிட்டது. வத்தாளையிலேயே பழகிய வகை மட்டும் அந்த நஞ்சைத் தாங்கிக்கொண்டு முன்னேறியது. நெடுங்காலப் பகைமை இருபக்கத்தையும் பயிற்றுவித்திருக்கிறது. 1964 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி சென்று, தீங்கற்ற வகையொன்றை முதலில் இட்டுக் கிழங்கை எழுப்பிவிட்டால், பின்னர் வரும் தீய வகையை அது தடுத்துக்கொள்கிறது என்று காட்டினர். அம்மைப்பால் கட்டுவதை நினைவூட்டும் இச்செய்தி ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்டது. கமத்துக்கு ஏற்ற முறையாக வளரவில்லை.

கிழங்கின் இந்த வீரத்துக்கு உண்போர் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. இப்போமியாமரோன் ஈரலைத் தாக்கும் நஞ்சு. அழுகும் கிழங்கில் உண்டாகும் இதன் உறவுப் பொருள்கள் சில நுரையீரலைத் தாக்குபவை. பூஞ்சணம் பிடித்த வத்தாளையைத் தின்ற மாடுகள் மூச்சுத்திணறி இறந்த செய்தி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து 1972 இல் விலங்கு மருத்துவ ஏட்டில் விரிவாக வெளிவந்தது. கண்டிக் கிராமங்களில் மனிதன் கழித்த கிழங்கு மாட்டுக் கொட்டிலுக்குப் போவது இயல்பு. சிக்கனம் போலத் தோன்றும் இப்பழக்கம் ஒரு பசுவின் விலையை விழுங்கக்கூடும். மனிதருக்கும் இதே எச்சரிக்கைதான். கறுத்த பகுதியை மட்டும் சீவிவிட்டு மற்றதை அவிப்பது போதாது. நஞ்சு இருப்பது கறுத்த இடத்தில் மட்டுமன்று. அதை அடுத்து நலமாகத் தோன்றும் சதையிலும் அது இருக்கக்கூடும். அவித்தாலும் சுட்டாலும் அது முற்றாக நீங்குவதில்லை. வாயில் வைத்தவுடன் கசந்தாற் கிழங்கைத் துப்பிவிடுவது பிள்ளைகளின் பிடிவாதமன்று, அறிவு.

பங்கசு மட்டுமே இக்கசப்பை எழுப்புவதில்லை. வத்தாளையின் பெரும்பகையான கூன்வண்டு துளைத்த கிழங்கிலும் அதே நஞ்சுகள் உண்டாகின்றன. இலங்கையில் அழுகலுக்கு முன்னோடி பெரும்பாலும் அந்த வண்டுதான். நிலம் வறண்டு வெடிக்கும்போது வெடிப்பின் வழியே கிழங்கை அடைந்து முட்டையிடும். புழு சுரங்கம் அறுக்கும். சுரங்கத்தின் வழியே பங்கசு குடியேறும். ஆகவே வண்டுக்கு எட்டாதபடி மேட்டுக்கு மண் அணைப்பதும், முற்றிய கிழங்கை நிலத்திலேயே கிடக்கவிடாமல் காலத்தில் தோண்டுவதும் அழுகலைத் தடுக்கும் வேலைகளாகவே கொள்ளத்தக்கன.

எல்லா அழுகலையும் எதிர்க்கும் ஓர் இனத்தை உண்டாக்கி ஊரெங்கும் நட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்றை எதிர்க்கும் இனம் மற்றொன்றையும் எதிர்க்கும் என்பதில்லை; மென்னழுகலுக்கு அசையாதது சாவக அழுகலுக்கு விழலாம். மேலும் வத்தாளையின் பரம்பரை அமைப்பு மிகச் சிக்கலானது. நெல்லிலும் மனிதரிலும் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதியாக இருக்க, வத்தாளையில் ஆறு தொகுதியாக மொத்தம் 90 இருக்கின்றன. தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதும் அரிது. ஆகவே ஒவ்வொரு விதையும் தாயையும் தந்தையையும் ஒவ்வாத புதிய செடியாகிறது. ஆயிரம் விதை முளைத்தால் ஆயிரம் இனம். அவற்றுள் ஒன்றிரண்டைத் தெரிந்து, கொடியாற் பெருக்குவதே இனவிருத்தி.

வேண்டிய குணம் எங்கிருந்து கிடைக்கும் என்பதும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அமெரிக்க வத்தாளைத் தோட்டங்களை அலைக்கழித்த பியூசேரியம் என்னும் பங்கசின் வாடல்நோய்க்கு மருந்தாக வந்தது, பசிபிக் கடலின் தினியன் என்னும் சிறு தீவில் வளர்ந்த ஒரு கொடி. இரண்டாம் உலகப் போரிற் குருதி தோய்ந்த தீவு அது. அங்கிருந்து கொண்டுவந்த வத்தாளை வாடலைப் பெரிதும் எதிர்த்து நிற்பதை ஸ்ரைன்போவர் 1948 இல் அறிவித்தார். பின்னர் இனவிருத்தியாளர் அதனைத் தாய்க்கொடியாகக் கொண்டனர். எவரும் பொருட்படுத்தாத தீவுவாசியின் தோட்டக் கொடி ஒரு கண்டத்தின் பயிருக்குக் காப்பாயிற்று.

இரண்டாவது தடை இன்னும் பெரிது. கொடியை வெட்டி வெட்டி நடுவதால், ஓர் இனத்தின் வயல் முழுவதும் உண்மையில் ஒரே செடி. அதன் வலிமை எல்லாவற்றுக்கும் வலிமை. அதன் பலவீனம் எல்லாவற்றுக்கும் பலவீனம். ஒரே வகைப் பயிரை மலை மலையாக நடுவதன் பயனைக் கண்டிச் சீமைக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. காட்டை அழித்துக் காப்பியை மட்டும் நட்ட இம்மலைகளில், 1869 இல் இலைகளின் அடியிற் செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய துருநோய், இருபது ஆண்டளவில் அத்தொழிலையே வீழ்த்தியது. அதனை ஆராய 1880 இல் வந்த மார்சல் வாட் என்னும் இளம் தாவரவியலறிஞர் பேராதனையில் தங்கி, வித்திகள் காற்றிற் பறந்து இலையில் முளைத்து நுழைவதை ஐயமறக் காட்டினார். இடைவெளியின்றி ஒரே பயிர் நிறைந்திருந்தமையே பங்கசுக்கு விருந்தாயிற்று என்பதையும் எடுத்துரைத்தார். காப்பித் துரை போனபின் தேயிலைத் துரை வந்தார். வேலையின்றிப் போன கூலியாட்களிற் பலருக்கு அப்படி ஒரு மாற்று உடனே வாய்க்கவில்லை.

பேராதனையில் விவசாயத் திணைக்களம் 1912 இல் அமைந்தது. மகாவலி கங்கையின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில், திணைக்களத்தின் தோட்டப்பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவகம் வத்தாளை இனங்களைத் தெரிந்து வெளியிட்டு வருகிறது. வாரியப்பொல சிவப்பு, வாரியப்பொல வெள்ளை, கன்னொறுவை வெள்ளை, ரணபிம, சாந்தி, சித்ரா, தவல என்பன அவற்றுட் சில. அந்நிலையத்தின் பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய காரி 9, காரி 273 போன்றவையும் உள்ளன. இனங்களைக் கேட்டு வருவோர் விளைச்சலையும் தோல் நிறத்தையும் சதையின் சுவையையும் முதலிற் கேட்கின்றனர். தோண்டியபின் எத்தனை நாள் இருக்கும் என்னும் கேள்வியும் அவற்றோடு சேர வேண்டும்.

அக்கேள்விக்கு விடை காண ஆய்வுகூடம் இல்லாமலும் முடியும். ஒவ்வோர் இனத்திலும் பத்துக் கிழங்கை ஒரே நாளில் தோண்டி, காம்பை ஒரேவிதமாக முறித்து, மண்ணைக் கழுவாமல், நிழலிற் காற்றோடும் இடத்தில் ஈரச் சாக்கை மேலே தளர்வாகப் போர்த்து வைக்க வேண்டும். ஒரு கிழமை சென்றபின் முறித்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தால், காயம் ஆறிய கிழங்கில் அவ்விடம் உலர்ந்து கெட்டியாக இருக்கும். அருகிலுள்ள தோலும் உரியாது. ஆறாததில் தோல் வழுகும். இரண்டாம் மாதம் வரை வைத்து, எத்தனை மிஞ்சின என்று எண்ணினால், அந்தத் தோட்டத்து மண்ணுக்கும் மழைக்கும் எந்த இனம் பொருந்துகிறது என்பது தெரிந்துவிடும்.

மிஞ்சும் கிழங்கையும் கெடுத்துக்கொள்ளும் வழிகள் உள்ளன. உச்சி வெயிலிற் பரப்பி உலர்த்துவது ஒன்று; அது காயத்தை ஆற்றாது, எரித்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைப்பது மற்றொன்று. வத்தாளை வெப்பநாட்டுப் பிள்ளை. 12 பாகைக்குக் கீழே அதன் கலங்கள் குளிரால் நோகும். வெளியே எடுத்த சில நாளில் எளிய பூஞ்சணத்துக்கும் இரையாகும். அழுகிய கிழங்கைத் தோட்டத்திலேயே வீசாமல் தொலைவிற் குழிதோண்டிப் புதைப்பதும், அடுத்த போகத்தில் அதே மேட்டில் வேறு பயிர் இடுவதும் வித்திகளின் தொகையைக் குறைக்கும்.

பெரும்போகத்துக்கு நடுகைத் தண்டு தேடும் நாட்களில், கலகெதரப் பக்கத்து வீடுகளில் வேலிக்கு மேலால் கொடி கைமாறுவது பழைய வழக்கம். நோயற்ற, வண்டு துளைக்காத கொடியின் நுனியை மட்டும் வெட்டி, ஒரே வீட்டிலிருந்து முழுவதையும் வாங்காமல் இரண்டு மூன்று இனமாகக் கலந்து வாங்கி, இனத்துக்கொரு மேடாக நட்டால், தை மாசியிற் கிழங்கு தோண்டும்போது எந்த மேட்டுக் கிழங்கை முதலில் விற்பது, எதனைப் பங்குனி வரை வைத்து உண்பது என்று வீட்டுக்காரர் தீர்மானிக்க இடமிருக்கும்.